தெருவோரத்துச் சாமான்களை எடுக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, வெளிநாட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது, வாடகை அறையில் ஒரு போர்வையையும் பெட்டியையும் தவிர எதுவும் இல்லை, தெருவோரத்தில் கட்டிலும் சோபாவும் மேசையும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன, எடுத்துக்கொள்ளலாமா, எடுத்தால் யாராவது தவறாக நினைப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே குளிரைச் சமாளிப்பது, வேலை தேடுவது, வங்கிக் கணக்குத் தொடங்குவது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அந்த மூன்றுக்கும் அண்மையில் வந்தவர்களே சரியான பதில் சொல்வார்கள். நான் வந்த காலத்து விதிகள் எல்லாம் மாறிவிட்டன. முதல் கேள்விக்கு மட்டும் நான் விரிவாகவே பதில் எழுதுகிறேன். அதே கேள்வியை அன்று கேட்பதற்கு எனக்கு ஓர் ஆள் இல்லாமல் போனதால், நானும் என்னோடு தங்கியிருந்த ஐந்து பேரும் ஒரு குளிர்காலம் முழுவதும் பட்ட பாடு இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

எடுக்கலாம், தயக்கமே வேண்டாம். ஆனால் மெத்தை, சோபா, தலையணை, பஞ்சு வைத்துத் தைத்த நாற்காலி ஆகியவற்றை மட்டும் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் தொடாதீர்கள். இதற்கு விதிவிலக்கே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வந்த இரண்டாம் மாதத்தில், வேலை முடிந்து திரும்பும் வழியில், மூன்று பேர் அமரக்கூடிய ஒரு பழுப்பு நிறச் சோபாவைப் பார்த்தேன். கிழிசல் இல்லை, கறை இல்லை, கால்கள் ஆடவில்லை. அறைத்தோழர் ஒருவரை அழைத்து வந்து இருவருமாக நான்கு தெரு தூரம் தூக்கிச் சென்றோம். அன்று இரவு ஆறு பேரும் மாறி மாறி அதில் அமர்ந்து பார்த்தோம். வெறும் தரையில் உட்கார்ந்தே உண்டு உறங்கிய எங்களுக்கு அது பெரிய சொத்தாகத் தெரிந்தது. மூன்று வாரம் கழித்து என் முழங்கையில் வரிசையாகச் சிவந்த தடிப்புகள் வந்தன. வறண்ட குளிர் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தேன். பிறகு மற்றவர்களுக்கும் வந்தது. எங்களில் மூத்தவர் ஒருநாள் சோபாவைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் ஆணியடித்து ஒட்டியிருந்த மெல்லிய கறுப்புத் துணியின் ஒரு மூலையைப் பிய்த்துக் காட்டினார். மரச்சட்டத்தின் இடுக்கில் பேனா மையைத் தெளித்ததுபோல் கரும்புள்ளிகள், உரிந்த வெளிர்பழுப்புத் தோல்கள், அவற்றுக்கு நடுவே நகர்ந்துகொண்டிருந்த மூட்டைப்பூச்சிகள்.

பூச்சி மருந்து அடிப்பவர்கள் இரண்டு முறை வர வேண்டியிருந்தது. வீட்டு உரிமையாளர் அந்தச் செலவு முழுவதையும் எங்கள் முன்பணத்திலிருந்து பிடித்துக்கொண்டார். எவ்வளவு பிடித்தார், எதற்குப் பிடித்தார் என்று ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதித் தரவில்லை. அதைக் கேட்கும் மொழித்திறன் அன்று எங்களில் யாருக்கும் இல்லை. அதைவிட எனக்கு இன்றும் வலிப்பது வேறொன்று. அந்த மூத்தவர், தம் தாயார் கையால் தைத்துக் கொடுத்திருந்த போர்வையைப் பூச்சிக்குப் பயந்து குப்பையில் போட்டுவிட்டார். சூடாக ஓடும் துணி உலர்த்தும் இயந்திரத்தில் அரைமணி நேரம் சுழல விட்டிருந்தால் பூச்சியும் முட்டையும் செத்திருக்கும், போர்வை பிழைத்திருக்கும். அது எங்களுக்குத் தெரியாது. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே இந்தப் பூச்சியைப் பற்றி நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். வளர்ந்த பூச்சி ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். முட்டை 1 மில்லிமீட்டர் அளவில் வெள்ளையாக, தேடினால் மட்டுமே கண்ணில் படும். இரத்தம் கிடைக்காமலேயே பல மாதங்கள் உயிரோடு இருக்க அதனால் முடியும் என்பதால், காலியான வீட்டிலிருந்து வந்த சாமான் பாதுகாப்பானது என்ற கணக்கு தவறு. அழுக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. பளபளப்பான வீட்டிலும் இருக்கும். நோய் எதையும் அது பரப்புவதாக இதுவரை நிறுவப்படவில்லை என்றாலும், உறக்கத்தையும் மன அமைதியையும் அது எப்படிக் கெடுக்கும் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். வெளியில் பனி கொட்டுகிறது, ஒரு இரவு வெளியே கிடந்த சாமானில் பூச்சி செத்திருக்கும் என்று சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். நம்பாதீர்கள். பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி செல்சியஸ் குளிரில், பொருளின் உட்பகுதி வரை குளிர்ந்து, குறைந்தது நான்கு நாள்கள் இருந்தால்தான் பூச்சி சாகும் என்று கொள்ள வேண்டும். வெப்பம் எளிய வழி. 50 டிகிரியைத் தாண்டிய சூடு உள்ளே போய்ச் சேர்ந்தால் போதும். ஆனால் சோபாவின் வயிற்றுக்குள் அந்தச் சூட்டைச் செலுத்த உங்கள் அறையில் வசதி கிடையாது. அதனால்தான் பஞ்சு உள்ள எதுவும் வேண்டாம் என்கிறேன்.

மரச்சாமானிலும் பூச்சி ஒளியும். ஒரு நாற்காலியை எடுக்கும்போது நான் இப்போதும் செய்வது இது: தெருவிலேயே அதைத் தலைகீழாகக் கவிழ்ப்பேன். டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, கால் வந்து சேரும் மூலைகளையும் திருகாணிக் குழிகளையும் பார்ப்பேன். பழைய அட்டை ஒன்றின் விளிம்பை இடுக்குகளில் செலுத்தி இழுத்து, அதில் கரும்பொடியோ தோலோ ஒட்டி வருகிறதா என்று பார்ப்பேன். அலமாரி என்றால் இழுப்பறைகளை முழுவதும் உருவி, பின்பலகையின் ஓரத்தையும் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் ஆகும். தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்கள், பார்க்கட்டும். சந்தேகம் துளி வந்தாலும் அங்கேயே விட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். சாமானை வைத்தவரே பூச்சி இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருப்பதும் உண்டு. சீட்டு மழையில் கரைந்திருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது மரத்தின் தரம். மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை ஒருமுறை நனைந்தால் ஓரம் உப்பிவிடும். பிறகு அது திரும்ப அடங்காது. ஒருமுறை கழற்றிய திருகாணியை அதே துளையில் அது மறுபடி இறுக்கிப் பிடிப்பதும் அரிது. விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். மேற்காகிதம் உரிந்து உள்ளே தூள் தெரிந்தால் விட்டுவிடுங்கள். இழுப்பறையின் மூலையில் ஒரு பலகையின் பற்கள் மற்றொன்றின் பற்களுக்குள் கோத்திருப்பதுபோல் இணைப்பு இருந்தால் அது தச்சர் செய்த வேலை. பூச்சு எவ்வளவு கீறியிருந்தாலும் தூக்கிக்கொள்ளுங்கள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் மேசை அப்படிக் கிடைத்ததுதான். மேற்பரப்பு முழுவதும் வெந்நீர்க் கோப்பைகளின் வெள்ளை வளையங்களாக இருந்தது. மூன்று வார இறுதிகள் உப்புத்தாள் கொண்டு தேய்த்தேன், ஆளிவிதை எண்ணெய் இரண்டு கை பூசினேன். ஒன்று சொல்ல வேண்டும்: அந்த எண்ணெயைத் துடைத்த துணியைக் கசக்கிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும், நனைத்து, விரித்துக் காயவைத்துத்தான் எறிய வேண்டும். அதேபோல மிகப் பழைய வண்ணப்பூச்சு உள்ள சாமானைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கான ஈயப் பூச்சு 1978-இல்தான் தடை செய்யப்பட்டது. அதற்கு முந்தைய பூச்சின் தூள் மூச்சில் கலந்தால், குறிப்பாக வீட்டில் குழந்தை இருந்தால், பெருங்கேடு.

மின்சாமான்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கம்பி வெடித்திருந்தாலோ செருகியில் கருகல் இருந்தாலோ எடுக்க வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியைச் சாய்த்துத் தூக்கி வந்திருந்தால், கம்ப்ரசரின் எண்ணெய் இறங்குவதற்காகப் பல மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே மின்னிணைப்புக் கொடுங்கள். மைக்ரோவேவ் அடுப்பை மட்டும் திறந்து பழுது பார்க்க முனையாதீர்கள். செருகியைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கியில் உயிரைப் பறிக்கும் அளவு மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். உப்பிய மின்கலம் உள்ள எந்தக் கருவியும் வீட்டுக்குள் வரக்கூடாது. குழந்தைக்கான கார் இருக்கை, தலைக்கவசம் ஆகியவற்றை ஒருபோதும் எடுக்காதீர்கள். விபத்தில் அடிபட்டதா என்பதை வெளியிலிருந்து பார்த்து எவராலும் சொல்ல முடியாது; தலைக்கவசத்தின் உள்நுரை ஓர் அடியை வாங்கிக்கொள்ளவே செய்யப்பட்டது.

சட்டப்படி எடுக்கலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். நடைபாதையில் வைத்தது வேறு, பூட்டிய தொட்டிக்குள் இருப்பது வேறு. பேரங்காடி ஒன்றின் பூட்டிய தொட்டியைத் திறந்து, தூக்கியெறியப்பட்ட உணவை எடுத்த இரண்டு மாணவியரின் தண்டனை செல்லும் என்று ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2020-இல் கூறிவிட்டது. வெளிநாட்டவராகிய நமக்கு ஒரு சிறு வழக்குகூட விசாவைப் பாதிக்கக்கூடும். எனவே வேலி தாண்டாதீர்கள், பூட்டைத் தொடாதீர்கள். ஆள் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். கேட்டால் பெரும்பாலும் மகிழ்ந்து தருவார்கள். அவர்களே ஒரு கை பிடித்துத் தூக்கியும் விடுவார்கள். என் மொழிப் பயிற்சியே அப்படித்தான் தொடங்கியது. இந்த நாட்டில் அயலாரோடு நான் முதன்முதலில் பேசிய முழு வாக்கியம், "இது உங்களுக்கு வேண்டாமா?" என்பதுதான்.

யாராவது தவறாக நினைப்பார்களா என்று கேட்டீர்கள். இந்நாட்டவர் நினைக்க மாட்டார்கள். நினைப்பவர்கள் நம்மவர்கள்தாம் என்று வருத்தத்தோடு சொல்கிறேன். மற்றவர் கழித்ததை வீட்டுக்குள் கொண்டுவருவதா என்று என் முகத்துக்கு நேராகவே கேட்ட குடும்பங்கள் உண்டு. அதே குடும்பங்கள் தவணையில் வாங்கிய சாமான்களுக்கு வட்டி கட்டிக்கொண்டே வீடு மாறும்போது, அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் இரவில் தெருவில் இறக்கிவிட்டுப் போனதையும் பார்த்தேன். வந்த முதல் வருடத்தில் கடன் வாங்கி வீட்டை நிரப்பாதீர்கள் என்று நான் பார்க்கும் ஒவ்வொரு இளைஞரிடமும் சொல்கிறேன். அதற்கு எதிர்ப்புறத்தில் இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள். எதைக் கண்டாலும் தூக்கி வந்து, ஓடாத மூன்று தொலைக்காட்சிகளையும் கால் உடைந்த நாற்காலிகளையும் அறையில் அடுக்கி, படுக்க இடமில்லாமல் இருப்பவர்கள். இது எனக்கு எந்த வேலைக்கு என்று சொல்லத் தெரியாத சாமானை நான் எடுப்பதில்லை. பத்துப் பொருளை அள்ளிச் சென்று விற்றுப் பிழைக்கும் சிலரால், உண்மையில் தேவைப்படும் மாணவருக்கு எதுவும் கிடைக்காமல் போவதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

எப்போது தேடுவது என்றால், மாதத்தின் கடைசி இரண்டு மூன்று நாள்கள், அதுவும் பல்கலைக்கழகத்தை ஒட்டிய தெருக்களில் பருவத்தேர்வு முடிந்த வாரம். வாடகை ஒப்பந்தம் முடிகிறவர்கள் அன்றுதான் காலி செய்வார்கள். மழை வருவதற்கு முன் போய்விடுங்கள். நேரில் தேடுவதைவிட, இலவசமாகக் கொடுப்பவரையும் வேண்டுபவரையும் இணைக்கும் குழுக்கள் எனக்கு மேலானவையாகப் படுகின்றன. ஃப்ரீசைக்கிள் என்ற அமைப்பு 2003-இல் அமெரிக்காவின் டூசான் நகரத்தில் தொடங்கி இன்று பல நாடுகளில் இயங்குகிறது. வீட்டுக்குள் போய், சாமான் இருந்த இடத்தையே பார்த்து எடுக்கலாம் என்பது இதில் பெரிய வசதி. எடுத்தது பழுதாக இருந்தால், 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய ரிப்பேர் கஃபே போன்ற கூடங்கள் உங்கள் நகரத்தில் இருக்கின்றனவா என்று விசாரியுங்கள். தன்னார்வலர்கள் அருகில் அமர்ந்து, நம் கையாலேயே பழுது பார்க்கக் கற்றுத் தருவார்கள். என் மேசை விளக்கின் விசையை மாற்றக் கற்றது அப்படி ஒரு கூடத்தில்தான். அங்கே இப்போது மாதம் ஒருமுறை நான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.

மெத்தையைப் புதிதாகவே வாங்குங்கள், அதற்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். கட்டில் சட்டம் தெருவில் கிடைக்கும். கையில் ஒரு டார்ச், ஓர் அளவு நாடா, தலையில் அறுகோணக் குழியுள்ள திருகாணிகளைக் கழற்றும் 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் சாவிகள், ஒரு திருப்புளி ஆகியவை இருந்தால் பெரும்பாலான கட்டில்களையும் மேசைகளையும் தெருவிலேயே பிரித்து எடுத்து வந்துவிடலாம். பிரிக்கும் முன் கைப்பேசியில் நான்கு பக்கமும் படம் பிடித்து, திருகாணிகளை ஒரே பையில் போட்டு அந்தச் சட்டத்திலேயே கட்டிவிடுங்கள். மாதக் கடைசி வரப்போகிறது. அதற்குள் உங்கள் அறைக் கதவின் அகலத்தையும், மாடிப்படி திரும்பும் இடத்தின் அகலத்தையும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.