காணொளி மறுஆய்வு இருந்தும் கால்பந்தில் நடுவரின் சில முடிவுகள் ஏன் மாற்றப்படுவதில்லை?

இந்த மறுஆய்வைச் செய்யும் வி.ஏ.ஆர். (Video Assistant Referee, காணொளி உதவி நடுவர்) என்பது ஓர் இயந்திரமன்று. தனி அறையில் அமர்ந்து, பல கேமராக்களின் பதிவுகளைப் பார்த்துக் களத்திலுள்ள நடுவருக்கு உதவும் மற்றொரு நடுவரையே அது குறிக்கிறது. 2018-இல் ஆட்ட விதிகளில் இடம்பெற்று, அதே ஆண்டு ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையில் பயன்படுத்தப்பட்ட இம்முறை, கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை காட்டுதல் ஆகிய நான்கு சூழல்களுக்காக உருவாக்கப்பட்டது.

அவற்றிலும்கூட, தெளிவான, வெளிப்படையான பிழையோ கவனிக்கப்படாத கடுமையான நிகழ்வோ இருந்தால்தான் தலையிட முடியும். ஒவ்வொரு மோதலுக்கும் ஆட்டத்தை நிறுத்தினால், இடைவிடாத ஓட்டத்தையே உயிராகக் கொண்ட இவ்விளையாட்டு சிதைந்துவிடும் என்பதே இந்த வரம்புக்குக் காரணம்.

விடைத்தாளை மறுபார்வையிடுவதை எண்ணிப் பாருங்கள். கூட்டல் பிழையை எவரும் ஐயமின்றித் திருத்தலாம். ஆனால் ஒரு கட்டுரைக்கு ஆறு மதிப்பெண்ணா ஏழா என்பதில் நேர்மையான இரு ஆசிரியர்களே வேறுபடுவர். ஆஃப்சைடில், அதாவது பந்து தரப்படும் கணத்தில் எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி முன்னே நின்றாரா என்பதில், வீரர் நின்ற இடம் கூட்டலைப் போன்றது. ஃபவுல், கையில் பந்து பட்டது போன்றவை கட்டுரையைப் போன்றவை. மெதுவாக ஓட்டிப் பார்க்கையில் சாதாரண உரசலும் வேண்டுமென்றே செய்ததுபோல் தோன்றும் என்பதால், மோதலின் வேகத்தையும் கடுமையையும் இயல்பான வேகத்திலேயே மதிப்பிட வேண்டும் என்ற நெறிமுறை மிகவும் நியாயமானது என்றே கருதுகிறேன்.

காணொளி அறையில் இருப்பவரே தீர்ப்பு வழங்குகிறார் எனப் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அவரால் பரிந்துரைக்க மட்டுமே முடியும், இறுதி முடிவு எப்போதும் களத்திலுள்ள நடுவருடையதே.