பள்ளத்தில் புதிய டவர், உச்சியில் அரசாங்கக் கோபுரம்: நடுவில் இருக்கும் நம் டிஷ் யாருக்கு வழிவிட வேண்டும்?

மஸ்கெலியா பக்கத்துத் தோட்டமொன்றின் சனசமூக நிலையப் பொறுப்பாளர் எழுதிய கேள்வி: "எங்கள் நிலையத்துக் கூரையில் 6 அடி டிஷ் இருக்கிறது. இந்தியத் தமிழ் அலைவரிசைகளை அதில்தான் பார்க்கிறோம். பிள்ளைகளின் படிப்புக்காகச் செய்மதி இணையமும் எடுத்திருக்கிறோம். பள்ளத்தில் புதிய டவர் வேலை செய்யத் தொடங்கியதிலிருந்து பெரிய டிஷ்ஷில் பாதிக்கு மேல் வருவதில்லை. ரிசீவரில் சிக்னல் 90 காட்டுகிறது, குவாலிட்டி பூச்சியம். உச்சியிலுள்ள அரசாங்கக் கோபுரம்தான் காரணம் என்கிறார்கள் சிலர். எங்கள் இணையக் கருவி அனர்த்த நேரத்தில் அவர்களுடைய தொடர்பைக் குழப்பும், கழற்ற வேண்டி வரும் என்கிறார்கள் வேறு சிலர். எது உண்மை? மோதல் வந்தால் யார் விலக வேண்டும்?"

நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் தொல்லை பள்ளத்திலிருந்துதான் வருகிறது. உச்சியிலுள்ள கோபுரத்துக்கு இதில் பங்கிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அனுமதி பெற்ற சேவையாக இருந்தால் உங்கள் இணையக் கருவியை இந்தப் பயத்துக்காகக் கழற்ற வேண்டியதில்லை. யார் எந்த அலைக்கற்றையில் இருக்கிறார்கள் என்று பார்த்தாலே இது விளங்கும்.

உங்கள் பெரிய டிஷ் வாங்குவது சி பட்டை, அதாவது 3400 முதல் 4200 மெகாஹெர்ட்ஸ் வரை. பள்ளத்துப் புதிய டவர் 5ஜிக்கானதாகவே இருக்க வேண்டும். 5ஜிக்கு உலகெங்கும் முதன்மையாக ஒதுக்கப்படுவது 3300 முதல் 3800 வரையுள்ள பகுதி. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. இணையக் கருவி இருப்பது வேறோர் உயரத்தில்: வானிலிருந்து 10.7 முதல் 12.7 கிகாஹெர்ட்ஸில் வாங்கி, 14.0 முதல் 14.5 கிகாஹெர்ட்ஸில் மேலே அனுப்புகிறது. பொலிஸ், அனர்த்த முகாமைத்துவம் போன்ற சேவைகளின் வழக்கமான வோக்கி டோக்கிகளும் அவற்றின் மலையுச்சி நிலையங்களும் பெரும்பாலும் 500 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே. இராணுவச் செய்மதிகளுக்கென்று உலகளவில் வழக்கமாகப் பயன்படுவன 7.25 முதல் 7.75 வரையும் 7.9 முதல் 8.4 வரையும், அதற்கு மேலே 20.2 முதல் 21.2 வரையும் 30 முதல் 31 வரையும் உள்ள கிகாஹெர்ட்ஸ் பட்டைகள். உங்கள் கருவி எதுவும் இவற்றைத் தொடுவதில்லை.

ஆனால் உச்சியிலிருந்து உச்சிக்குப் போகும் மைக்ரோவேவ் இணைப்புகள் விதிவிலக்கு. 10.7 முதல் 11.7 கிகாஹெர்ட்ஸ் வரை அவையும் செய்மதிகளும் சம உரிமையோடு பகிர்கின்றன. இரண்டு கோபுரங்களுக்கு நடுவே, அந்த நேர்கோட்டிலேயே உங்கள் இணையக் கருவி நின்றால் மட்டும் வேகம் குறையலாம். சில மீற்றர் கீழே இறக்கினால் தீர்ந்துவிடும்.

யார் விலக வேண்டும் என்பதற்குச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிகளில் பதில் உண்டு. ஒவ்வொரு பட்டையிலும் சேவைகள் முதன்மை, இரண்டாந்தரம் என்று பிரிக்கப்பட்டிருக்கும். இரண்டாந்தரம் முதன்மைக்குத் தொல்லை கொடுக்கவும் கூடாது, முதன்மையால் வரும் தொல்லைக்குப் பாதுகாப்புக் கேட்கவும் முடியாது. இரண்டுமே முதன்மையாக இருந்தால் யார் முதலில் பதிந்தார்கள் என்பதற்கே எடை. அரசாங்கம் என்பதற்காகத் தானாக முன்னுரிமை வருவதில்லை. ஒன்றியத்தின் அமைப்புச் சட்டம் 48ஆம் உறுப்புரையில் இராணுவ நிலையங்களுக்குத் தனிச் சுதந்திரம் தருகிறது. அவையும் தொல்லை தடுக்கும் விதிகளை இயன்றவரை கடைப்பிடிக்க வேண்டும் என்று அதே உறுப்புரை சொல்கிறது. இராணுவம் தன் அலைவரிசைகளை வெளியிடாமல் இருப்பது வழக்கம். அதனால் முகாம் வாசலில் போய்க் கேட்பது வீண்வேலை. கோபுரத்தைப் படமெடுப்பது அதைவிட மோசம். இரு தரப்புக்கும் நடுவில் நிற்க 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது.

நம் ஊர் டிஷ்களின் பலவீனம் ஒன்றே ஒன்று. வாங்குவதற்கு மட்டும் இருக்கும் டிஷ் எதையும் அனுப்புவதில்லை. அது எங்கே இருக்கிறது என்று எந்தப் பதிவிலும் இல்லாவிட்டால், டவருக்கு இடம் தீர்மானிப்பவர் அதைக் கணக்கில் எடுக்க வழியே இல்லை. அமெரிக்காவில் 3700 முதல் 3980 வரையுள்ள பகுதியை 5ஜிக்கு மாற்றியபோது, 2018இல் தங்கள் டிஷ்களைப் பதிய அவகாசம் கொடுத்தார்கள். பதிந்து தகுதி பெற்றவர்களுக்கு, வேண்டாத அலையை வடிகட்டும் பில்டரும் மாற்றச் செலவும் கிடைத்தன. பதியாதவர்களுக்கு அந்த உரிமை இல்லை. அதே நாட்டில் 3550 முதல் 3700 வரை கடற்படை ராடாரும் தனியார் சேவைகளும் ஒரே இடத்தில் வாழ்கின்றன. கரையோர உணரிகள் ராடாரைக் கண்டதும் கணினி தனியார் நிலையங்களைச் சில நிமிடங்களில் வேறு அலைவரிசைக்கு நகர்த்துகிறது. அங்கேயும் பதிந்த செய்மதி நிலையங்கள் மட்டுமே பாதுகாக்கப்படுகின்றன. பகிர்வு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், பெயரில்லாத டிஷ் அதன் கணக்கில் வராது.

இனி உங்கள் கூரைக்கு வருவோம். செய்மதி இருப்பது 36,000 கிலோமீற்றர் தூரத்தில். டவர் இருப்பது ஒரு கிலோமீற்றரில் என்று வைத்துக்கொள்வோம். செய்மதியின் ஒரு டிரான்ஸ்பொண்டர் (அலைவரிசைகளைத் தொகுதியாக அனுப்பும் கருவி) நம்மை நோக்கிக் குவித்து அனுப்பும் வலு பல கிலோவாட்டுக்குச் சமம். 5ஜி அன்டெனா உங்கள் பக்கம் குவிக்கும்போது அதுவும் அதே தரம், சிலவேளை கூடுதல். வலு தூரத்தின் வர்க்கத்தால் குறைவதால், டவரின் அலை சுமார் 130 கோடி மடங்கு பலமாக வந்து விழுகிறது. 6 அடி டிஷ் செய்மதியின் அலையை ஏறக்குறைய 3,000 மடங்கு கூட்டித் தரும். அப்படியும் நாலு இலட்சம் மடங்கு மிச்சம். தப்படிக்கும் இடத்தில் காதோடு சொன்ன சொல் கேட்காததுபோல, டிஷ்ஷின் நடுவில் அலையை வாங்கிப் பெருக்கும் எல்.என்.பியின் முதல் பெருக்கி அந்த வலுவில் திணறி நிற்கிறது. சிக்னல் 90 காட்டுவது இதனால்தான்: அந்தக் கோடு உள்ளே வரும் மொத்த வலுவை அளக்கிறது. குவாலிட்டிதான் படம் பிரிகிறதா என்று சொல்லும். மழையாக இருந்தால் இரண்டும் சேர்ந்து இறங்கும், மழை விட்டதும் திரும்பும்.

எதையும் கழற்றுமுன் டிஷ்ஷின் கம்பத்திலும் பிடியிலும் பெயின்டால் அடையாளம் போடுங்கள். அலைவரிசை போனதும் டிஷ்ஷைத் திருப்பிப் பார்ப்பது எல்லாரும் செய்யும் தவறு. அதன்பிறகு இரண்டு கோளாறுகள் ஆகிவிடும். அடுத்து, ரிசீவரில் போன டிரான்ஸ்பொண்டர்களையும் மிஞ்சியவற்றையும் அவற்றின் மெகாஹெர்ட்ஸ் எண்ணோடு எழுதுங்கள். 3700க்குக் கீழ் உள்ளவை மட்டும் போயிருந்தால் டவர் அதே அலைவரிசையிலேயே நிற்கிறது என்று பொருள். மேலே 4000, 4100இல் உள்ளவையும் போயிருந்தால் எல்.என்.பி திணறுகிறது. கடைசியாக, ஒருவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் ஒரு கூரைத் தகரத்தை டிஷ்ஷின் விளிம்புக்கு வெளியே, பள்ளத்துப் பக்கமாக, எல்.என்.பியின் உயரத்துக்குப் பிடிக்கட்டும். குவாலிட்டி ஏறினால் திசை உறுதி.

திணறல்தான் என்றால் மருந்து பில்டர். 3700 முதல் 4200 வரை மட்டும் விடும் வேவ்கைட் பில்டரை (அலை ஊடே போகும் உலோகக் குழாய் வடிவிலானது) ஊதுகுழலுக்கும், அதாவது எல்.என்.பிக்கு முன்னால் அலையை வாங்கும் வாய்க்கும், எல்.என்.பிக்கும் நடுவே பூட்ட வேண்டும். கேபிளில் போடும் பில்டர் உதவாது, ஏனென்றால் திணறல் அதற்கு முன்னரே நடந்துவிடுகிறது. உங்களிடம் இருப்பது ஊதுகுழலும் எல்.என்.பியும் ஒரே வார்ப்பாக வரும் வகையென்றால் நடுவில் எதையும் செருக முடியாது. பில்டர் உள்ளடங்கிய '5ஜி எல்.என்.பி' வாங்குங்கள். அதன் மேல் 3700-4200 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். 3400-4200 என்றிருந்தால் பழைய கதைதான். கூடுதல் கெயின் (பெருக்கம்) உள்ள எல்.என்.பி, லைன் அம்ப்ளிபயர் இரண்டும் நிலைமையை மோசமாக்கும்.

பில்டருக்கு ஒரு விலை உண்டு. அதில் ஏற்படும் அரை டெசிபல் இழப்பு சுமார் 35 கெல்வின் இரைச்சலைச் சேர்க்கும். 6 அடி டிஷ்ஷில் ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் அலைவரிசைகள் கட்டம் கட்டமாக உடையத் தொடங்கும். அவையும் வேண்டுமென்றால் 8 அடிக்கு மாற வேண்டும். 3700க்குக் கீழுள்ள அலைவரிசைகளைப் பில்டர் டவரோடு சேர்த்து வெட்டிவிடும். நம் பனியில் இன்னொரு தொல்லையும் வரும்: இணைப்பிலுள்ள அடைப்பு வளையம் சரியாக உட்காராவிட்டால் வேவ்கைட்டுக்குள் நீர் கோக்கும். திருகுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். சிலிக்கனை வெளியே மட்டும் பூசுங்கள்.

பில்டரைவிட நிலையான தீர்வு டிஷ்ஷைக் கூரையிலிருந்து இறக்குவது. மலைநாட்டில் பலர் இதை யோசிப்பதே இல்லை. கிழக்குத் தீர்க்கரேகை 83 பாகையிலுள்ள செய்மதி நமக்கு அடிவானத்திலிருந்து 80 பாகைக்கு மேல், ஏறத்தாழ உச்சந்தலையில் இருக்கிறது. 66 பாகையிலுள்ளது கூட 70 பாகை உயரத்தில். டிஷ்ஷுக்குப் பள்ளத்துக் காட்சியே தேவையில்லை. வானத்தைப் பார்த்து மல்லாந்த டிஷ்ஷில் எல்.என்.பி கீழ்நோக்கிப் பார்க்கிறது. டிஷ் அதற்கு நேர்கீழிலிருந்து சுமார் 67 பாகை வரைதான் மறைக்கும். அடிவானத்துக்குச் சற்றுக் கீழே, பள்ளத்தில் நிற்கும் டவர் அந்த விளிம்பைத் தாண்டி நேரே எல்.என்.பிக்குள் எட்டிப் பார்க்கிறது. மேல் உச்சியிலுள்ள கோபுரமோ எல்.என்.பிக்குப் பின்புறம்.

ஆகவே டிஷ்ஷைக் கட்டடத்துக்கும் மலைச்சரிவுக்கும் நடுவிலுள்ள பின்முற்றத்தில், தரையிலேயே வையுங்கள். டவரை மறைக்கும் சுவர் டிஷ்ஷின் விளிம்பிலிருந்து 5 அடி தள்ளியிருந்தால், விளிம்பைவிட 12 அடி உயர்ந்திருந்தாலும் 70 பாகையிலுள்ள செய்மதியை மறைக்காது. நல்ல மறைப்பு மட்டுமே டவரின் வலுவை நூறில் ஒன்றாகக் குறைக்கக்கூடும். இடமில்லாவிட்டால் பள்ளத்துப் பக்கம் கம்பிவலைச் சுவர் எழுப்பலாம். 3500 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 8.6 சென்டிமீற்றர், வலையின் கண் அதில் பத்தில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது. கால் அங்குல வலை போதும், கோழிக்கூட்டு வலை போதாது. எல்.என்.பியைவிட ஓரடி உயரட்டும். டவர் அதே அலைவரிசையில் நிற்கும்போது எந்தப் பில்டராலும் ஆவதில்லை. இந்த மறைப்பு ஒன்றே வழி.

இணையக் கருவிக்குக் கணக்கு வேறு. அது பேசுவது தாழ்வாகப் பறக்கும் செய்மதிகளோடு. அத்தகைய செய்மதிகள், வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் நிலைச் செய்மதிகளின் சேவைகளுக்குத் தொல்லை கொடுக்கக் கூடாது என்பது வானொலி விதிகளின் 22ஆம் உறுப்புரை. அதனால் அவற்றில் பல, நிலைச் செய்மதிகளின் வளையத்துக்கு இரு பக்கமும் சுமார் 18 பாகையை விட்டுவிட்டே வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. ஐரோப்பாவில் அந்த வளையம் தெற்கே தாழ்ந்து கிடக்கும். நமக்கோ அது தலைக்கு மேலேயே போகிறது. நடுவானம் முழுவதும் விலக்கப்பட்ட பட்டை என்பதால், உங்கள் கருவி வடக்குச் சரிவான வானத்தையும் தெற்கே இன்னும் தாழ்ந்த வானத்தையும் நம்பியிருக்கிறது. நேர் மேலே திறந்திருந்தும் வடக்கே சவுக்கோ யூக்கலிப்டஸோ நின்றால் இணைப்பு விட்டு விட்டு வருவது இதனால்தான். செயலியிலுள்ள தடைப் பரிசோதனையை நம்பி இடம் பாருங்கள். பெரிய டிஷ் தரைக்கு இறங்கட்டும், இணையக் கருவி கூரைக்கு ஏறட்டும்.

அனர்த்த நேரப் பயத்துக்கு வருவோம். இந்தக் கருவிகள் செய்மதியின் அலையைப் பிடித்தால்தான் அனுப்பவே தொடங்கும். சில வாட் வலுவை மேல்நோக்கி மட்டும் அனுப்பும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் பாதைகளும் இணைப்புகளும் அறுந்தபோது கண்டதுபோல, அந்த நேரத்தில் அது ஊருக்கே தேவைப்படும். உண்மையில் தொல்லை தரக்கூடியது திசை பிசகிய வீசாட், அதாவது நிலைச் செய்மதிக்கு அனுப்பவும் அதிலிருந்து வாங்கவும் செய்யும் சிறு டிஷ் நிலையம். 1.2 மீற்றர் டிஷ்ஷின் கதிர் 14 கிகாஹெர்ட்ஸில் ஒன்றேகால் பாகை அகலமே. அடுத்த செய்மதி இரண்டு பாகையில் இருக்கலாம். மண் இளகிக் கம்பம் ஒரு பாகை சாய்ந்தாலே உங்கள் அலை பக்கத்து வீட்டுக்காரரின் செய்மதியில் விழத் தொடங்கும். அவர் அரசாங்கமாகவும் இருக்கலாம். தோட்ட அலுவலகத்திலோ வங்கியிலோ வீசாட் இருந்தால், பெருமழைக்குப் பின் கம்பத்துக்குத் தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இத்தனையும் செய்தும் தீராவிட்டால் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் முறையிடுங்கள், பிரதி டவர் நிறுவனத்துக்கு. டிஷ் இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, டிஷ்ஷின் அளவு, நோக்கும் செய்மதி, எல்.என்.பியின் வகை, போன டிரான்ஸ்பொண்டர்களின் எண், போன நாளும் நேரமும், டவர் இருக்கும் திசையும் தூரமும் அதில் இருக்கட்டும். பில்டர் போட்டபின்னும் எவை வரவில்லை என்பதைத் தனியாக எழுதுங்கள். உங்கள் டிஷ்ஷுக்கும் கருவிக்கும் உரிய அனுமதிப்பத்திரம் என்ன, இருப்பிடத்தைப் பதிவில் சேர்ப்பது எப்படி என்று அதே கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.