போதை மறுவாழ்வு மையம்: பலகையை மட்டும் நம்பாதீர்கள்

கேள்வி: எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் போதை மறுவாழ்வு மையத்தில் 'மத்திய அரசு நிதியுதவியுடன்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். அப்படியானால் அரசு சோதித்த இடம்தானே? தினமும் குடிக்கும் அண்ணனைச் சேர்க்கலாமா?
வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: பணம் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும்தான் அந்தப் பலகை சொல்கிறது. நிதி தருவது டெல்லியிலுள்ள சமூக நீதி அமைச்சகம். சிகிச்சை நடத்தப் பதிவு தருவது மாநில மனநல ஆணையம். மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநலக் கோளாறுகளும் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. ஆகவே, உள்ளே தங்கவைத்துச் சிகிச்சை தரும் மையத்துக்குப் பதிவு கட்டாயம். முதலில் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். நோயாளிகளின் உரிமையைக் காக்கவும் புகார்களை விசாரிக்கவும் உள்ள மனநல மறுஆய்வு வாரியத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் கண்ணில் படும் இடத்தில் எழுதியிருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான்.

அடுத்து, இரவில் அங்கே யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை பிதற்றல், காய்ச்சல், உடம்பெல்லாம் நடுக்கம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். இதற்கு மருந்து உண்டு. அந்த மருந்தின் அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடவேண்டும், இல்லையென்றால் மூளை பாதிக்கப்படலாம். மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார், வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள் என்பதற்கு நேரான பதில் கிடைக்காத இடத்தில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். 'ரூமில் பூட்டினால் தானே தெளியும்' என்பது சிகிச்சை அல்ல, கொடுமை.

கேள்வி: குடிப்பவரைச் சம்மதமில்லாமல் அழைத்துப்போய் மாதக்கணக்கில் வைத்திருக்கலாமா?
வாசகர், தேனி

பதில்: கூடாது. சம்மதமின்றிச் சேர்க்க, அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை விஷயத்தில் அவர் சார்பில் பேசச் சட்டப்படி உரிமை உள்ளவர், விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவர். அதிகபட்சம் 30 நாள். அதற்குமேல் என்றால் மறுபரிசோதனையும் வாரியத்தின் அனுமதியும் வேண்டும். சேர்த்த 7 நாளுக்குள் வாரியத்துக்குத் தகவல் போகவேண்டும். பெண்கள், சிறார் என்றால் 3 நாள். சங்கிலியில் கட்டுவதற்கு எந்தச் சூழலிலும் இடமில்லை. புகாரை மையத்தின் பொறுப்பு மருத்துவரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். பதில் சரியில்லை என்றால் வாரியம், பிறகு மாநில ஆணையம்.

கேள்வி: மானியப் பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று நாங்கள் பார்க்க முடியுமா?
வாசகர், சேலம்

பதில்: முடியும். சமூக நீதி அமைச்சகத்துக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போடுங்கள். மானிய ஆணை, ஆய்வறிக்கை, அலுவலகங்களில் 'யூசி' என்று சொல்லும் பயன்பாட்டுச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். யூசி செலவுக் கணக்கைத்தான் காட்டும். ஆளுக்குச் சிகிச்சை நடந்ததா என்பது ஆய்வறிக்கையில்தான் தெரியும், அதை விட்டுவிடாதீர்கள். 30 நாளில் பதில் வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். நோயாளிகளின் பெயர், முகவரி கேட்காதீர்கள். அது அவர்களின் அந்தரங்கம். அதைக் காரணம் காட்டி மொத்த மனுவையும் தள்ளிவிடவும் வழியாகும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பாதியில் போனார்கள் என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள்.