தோழிக்கு என்ன துக்கம்?

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நர்ஸ், வயது 39. விவாகரத்தாகி மூன்று வருஷம். போன ஐப்பசியில் அம்மாவும் போய்விட்டாள். இனி இந்த ஊரில் எனக்கு என்ன இருக்கிறது என்று நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் படித்தேன். பி2 நிலைப் பரீட்சை தேறிவிட்டேன். அடுத்த மாதம் ஜெர்மனியில் வேலைக்குச் சேர வேண்டும்.

ஃபேமிலி கோர்ட்டுக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூட வந்தவள் என் சிநேகிதி. அம்மா ஐசியூவில் கிடந்தபோது வராந்தாவில் படுத்திருந்தவளும் அவள்தான். விசா வந்ததைச் சொன்னேன். "சந்தோஷம்" என்றாள். அதோடு சரி, போன் எடுப்பதில்லை. நான் ஓடிப்போகிறேனா? இருபது வருஷ நட்பு இவ்வளவுதானா?

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்,

ஜெர்மனில் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டுமில்லை என்று டியூட்டி முடிந்து வந்து மனப்பாடம் செய்தவர் நீங்கள். ஓடிப்போகிறவர்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அந்தக் கேள்வியை விட்டுவிடுவோம்.

உங்கள் கடிதம் நாலு பக்கம். மேலே சுருக்கிப் போட்டிருக்கிறேன். நாலு பக்கத்திலும் சிநேகிதி வருகிறாள். கோர்ட்டுக்கு வருகிறாள், ஆஸ்பத்திரிக்கு வருகிறாள், ஃபிளாஸ்க்கில் கஞ்சி கொண்டு வருகிறாள். அவளுக்குக் கல்யாணம் ஆயிற்றா, வீட்டில் யார் இருக்கிறார்கள், அவளுக்கு என்ன குறை? ஒரு வரி இல்லை.

அகப்பாட்டுத் தோழியும் இப்படித்தான். தலைவிக்காகப் பொய் சொல்வாள், தலைவனைக் கடிந்துகொள்வாள், கல்யாணத்துக்கு வழி பண்ணுவாள். செவிலியின், அதாவது தலைவியின் வளர்ப்புத்தாயின், மகள் என்று தொல்காப்பியம் அவளுக்கு உறவுமுறை சொல்கிறது. அகத்தில் யாருக்குமே பெயர் கிடையாது, அது மரபு. ஆனால் தலைவிக்குக் காதலும் பிரிவுமாவது இருக்கிறது. தோழி பேசுவதெல்லாம் தலைவியின் காதலைத்தான். கல்லூரியில் படித்தபோது எனக்கு இது உறைக்கவே இல்லை.

நான் போன் எடுக்காத கட்சி, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். 2008-இல் என் சிநேகிதி, கணவனைப் பறிகொடுத்தவள், பையனைக் கூட்டிக்கொண்டு டொரண்டோ போனாள். கிளம்புவதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்டாள், இரண்டு கிலோ சாம்பார் பொடி. வறுத்ததை எடுத்துக்கொண்டு மாம்பலத்தில் மில்லுக்குப் போனேன். மிளகாய் மெஷின் ஓடினால் வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் தும்மல், கண்ணில் தண்ணீர். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். சூடாக வாங்கி வந்து, இந்து பேப்பரில் பரப்பி ஆறவிட்டு, டப்பாவில் அடைத்து, அவள் வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்பினேன். ஏர்போர்ட்டுக்குப் போகவில்லை. நாலு மாதம் பேசவும் இல்லை. என் அப்பா இறந்த வருஷம் அது. அவளுக்கு அதைக் கேட்க நேரமில்லை. எனக்கு வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லை.

ஒருநாள் காலை எட்டு மணிக்கு போன். அங்கே ராத்திரி ஒன்பதரை. "பொடி தீந்துடுச்சுடி" என்றாள். அழுதேன் என்று எழுத ஆசைதான். "பெருங்காயம் ஜாஸ்தியா போச்சா?" என்றுதான் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "உங்கப்பாவைப் பத்தி நான் ஒண்ணுமே கேக்கலியே" என்றாள்.

அதனால், விசா, சம்பளம், எதிர்காலம் என்று அவளிடம் விளக்கம் சொல்லப் போகாதீர்கள். நீங்கள் போவது சரி என்று அவளுக்கும் தெரியும். நாளைக்கு அவளுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி யார் கொண்டு வருவார்கள்? அதைக் கேளுங்கள். போன் எடுக்காவிட்டால் வீட்டுக்கே போங்கள்.

அங்கே புது சிநேகிதி கிடைப்பாளா என்றும் கேட்டிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை கடையெல்லாம் மூடிவிடுகிற நாடு அது. வெங்காயம் வாங்க மறந்த ஏதாவது ஒரு ஞாயிறு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டத்தான் வேண்டியிருக்கும். இங்கே உள்ளவளோடு பேச மூன்றரை மணி வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. அதெல்லாம் ஒரு தூரமா?

பெட்டியில் நெய் வைக்காதீர்கள், பால் பொருள்களை ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள். பொடிக்குத் தடையில்லை. மில்லுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். சனிக்கிழமை என்றால் கூட்டம் இருக்கும். வரிசை நீளமாக இருந்தால் நல்லதுதான்.