கடன் யார் பெயரில், பணம் யார் கையில்?

சிறுதொழில் நடத்தும் பெண்களிடமிருந்து வந்த கடிதங்களில் நான்குக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வீட்டிலேயே சாம்பார்ப் பொடியும் இட்லிப் பொடியும் தயாரித்துக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறேன். மாசி, பங்குனியில் மிளகாய் வரத்து கூடி விலை இறங்கும்போது ஓராண்டுக்கு வேண்டியதை வாங்கி வைக்கலாம் என்று மகளிர் குழு மூலம் 50,000 ரூபாய் கடன் எடுத்தேன். பணம் வந்த வாரமே என் கணவரின் இருசக்கர வாகனப் பட்டறைக்கு உதிரி பாகங்கள் வாங்க அதில் பெரும்பகுதி போய்விட்டது. இப்போது மிளகாயைச் சில்லறை விலைக்கு வாங்கி அரைக்கிறேன். தவணையை நான்தான் கட்டுகிறேன். இன்னொரு கடன் எடுத்தால் நிமிர்ந்துவிடலாமா?
– வாசகி, விருதுநகர்

பதில்: இப்போது இன்னொரு கடன் வேண்டாம். உங்களுக்கு நேர்ந்தது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை என்பதையும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

இலங்கையின் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் 2005இல் பொருளியல் ஆய்வாளர்கள் சிலர், சிறுதொழில் செய்வோரில் குலுக்கல் முறையில் தேர்ந்தவர்களுக்கு, திருப்பித் தர வேண்டாத தொகையாக 10,000 அல்லது 20,000 இலங்கை ரூபாய் மதிப்புள்ள பணமோ பொருளோ கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்களின் தொழிலில் இலாபம் நன்றாக உயர்ந்தது. பெண்களின் தொழிலில் சராசரியாகப் பார்த்தால் உயரவே இல்லை. பெண்களுக்குத் தொழில் கைவராது என்று இதிலிருந்து ஒருவர் முடிவு கட்டிவிடக்கூடும். ஆனால் இதே தரவுகளை இந்தியா, கானா நாட்டுத் தரவுகளோடு சேர்த்து வேறு ஆய்வாளர்கள் மறுபடி ஆராய்ந்து 2019இல் வெளியிட்டபோது உண்மை வேறாக இருந்தது. பெண்ணுக்கு வந்த பணம் பல வீடுகளில் கணவரின் தொழிலுக்குப் போயிருந்தது. வீட்டில் பெண்ணின் தொழில் ஒன்றே இருந்த குடும்பங்களிலோ அவளுடைய இலாபம் கணிசமாகவே கூடியிருந்தது. குறை அவள் திறமையில் இல்லை. பணம் அவள் தொழிலை வந்தடையவே இல்லை.

உங்கள் கணவரைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. பட்டறையும் உங்கள் குடும்பத்துக்குச் சோறு போடுகிற இடம்தான். ஆனால் அங்கே போன தொகையைப் பட்டறை வாங்கிய கடனாக ஒரு நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, குழுத் தவணையில் அதற்குரிய பங்கு மாதந்தோறும் பட்டறை வருமானத்திலிருந்து வருமாறு பேசி முடியுங்கள். இந்தப் பேச்சு கடினமானது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இதைத் தள்ளிப்போட்டுவிட்டு எடுக்கும் அடுத்த கடனும் அதே வழியில்தான் போகும்.

அடுத்ததாக, தொழிலுக்கென உங்கள் பெயரில் தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். பொடி விற்கிற பெண்களிடம் பணம் அனுப்ப எண் கேட்டால், பலர் கணவரின் எண்ணையோ மகனின் எண்ணையோ தருவதைப் பார்த்திருக்கிறேன். வறுத்து, அரைத்து, பொட்டலம் கட்டுவது ஒருவர் கை, பணம் விழுவது இன்னொருவர் கை என்றால், மாதக் கடைசியில் இலாபம் எவ்வளவு என்று கேட்டால் தொழில் செய்கிற பெண்ணுக்கே பதில் தெரிவதில்லை. உகாண்டாவில் கடன்தொகையைப் பெண்ணின் கையில் ரொக்கமாகக் கொடுக்காமல், அவருடைய சொந்தக் கைப்பேசிக் கணக்கில் போட்டுச் சோதித்தார்கள். ரொக்கமாக வாங்கியவர்களைவிட இவர்களுடைய தொழில் இலாபம் ஏறக்குறைய 15 விழுக்காடு கூடுதலாக இருந்தது. கடனின் அளவோ வட்டியோ மாறவில்லை. பணம் வந்து சேர்ந்த இடம் மட்டும்தான் மாறியது. அடுத்த மாசிக்குள் உங்கள் தனிக் கணக்கில் பாதி மூட்டை மிளகாய்க்கான பணம் சேர்ந்தாலும் அதை வைத்துத் தொடங்குங்கள்.

கேள்வி: பத்துப் பெண்களை வைத்துப் பவர் டேபிள் (நிறுவனங்களுக்குத் துணி தைத்துக் கொடுக்கும் சிறு கூடம்) நடத்துகிறேன். தைத்துக் கொடுத்த பீஸ்களுக்கு ஒரு நிறுவனம் நான்கு மாதமாகப் பணம் தரவில்லை. அழுத்திக் கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. வாரச் சம்பளம் போட நகையை அடகு வைத்துவிட்டேன்.
– வாசகி, திருப்பூர்

பதில்: குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு உங்களிடம் இருக்கிறதா என்று எழுதவில்லை. இல்லையென்றால் இன்றே செய்யுங்கள். ஆதார் எண்ணைக் கொண்டு இணையத்தில் இலவசமாகச் செய்யலாம், இதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகரை நம்ப வேண்டாம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ வேலையோ பெற்றவர், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களிலும், இல்லாவிட்டால் 15 நாட்களிலும் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதம்’ என்ற வட்டி வீதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டியை மாதக் கூட்டு வட்டியாகச் சேர்த்துத் தர வேண்டும். வேலையை முடித்துக் கொடுத்த பிறகு செய்த பதிவு பழைய பாக்கிக்கு உதவாமல் போகக்கூடும் என்பதால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

ஆர்டர் போய்விடும் என்ற பயம் நியாயமானதே. ஆகவே புகாருக்கு முன்பு, 45 நாள் கணக்கைக் குறிப்பிட்டு அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள். வருமான வரிச் சட்டத்தில் வந்த மாற்றத்தால், இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, அதைக் கொடுத்து முடிக்கும்வரை செலவாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ள வாங்குபவரால் முடியாது. இதை அவர்களுடைய ஆடிட்டர் நன்றாக அறிவார். அதற்கும் அசையாவிட்டால், குறு, சிறு நிறுவனங்களின் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்தில் மனுச் செய்யலாம். மாவட்டத் தொழில் மையத்தில் வழி சொல்வார்கள். பீஸ்களை இறக்கும்போது கையெழுத்து வாங்கிய டெலிவரி சலான்களைத் தேதி வாரியாகக் கோப்பில் வையுங்கள். சலான் இல்லாத பாக்கியை எந்த மன்றத்திலும் நிரூபிப்பது கடினம்.

கேள்வி: வாரக் கடனில் தையல் இயந்திரம் வாங்கினேன். வாடிக்கையாளர் சேரும் முன்பே தவணை தொடங்கிவிட்டது. இதை மாற்ற முடியாதா?
– வாசகி, கரூர்

பதில்: கேட்டுப் பார்க்கலாம், கேட்க உங்களுக்கு உரிமையும் உண்டு. கடன் வாங்குபவரின் தேவைக்கேற்பத் தவணைக் கால இடைவெளியை அமைக்கும் கொள்கை நுண்கடன் தரும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இருக்க வேண்டும் என்று 2022இன் ரிசர்வ் வங்கி நெறிமுறை சொல்கிறது. மாதத் தவணை கேளுங்கள். முன்கூட்டிக் கட்டி முடித்தால் அபராதம் கிடையாது. குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதும் அதே நெறிமுறைதான். கொல்கத்தாவில் 2007இல் முதல் தவணைக்கு இரண்டு மாத அவகாசம் தந்து பார்த்தபோது, அவகாசம் பெற்ற பெண்கள் தொழிலில் அதிகம் முதலிட்டார்கள். மூன்றாண்டுக்குப் பின்னும் அவர்கள் இலாபம் கூடுதலாகவே இருந்தது. ஆனால் கட்டத் தவறியவர்களும் அவர்களிடையே கூடுதலாக இருந்தார்கள், நிறுவனங்கள் தயங்குவதற்குக் காரணம் அதுதான்.

கேள்வி: பேக்கரி வைக்க 8 லட்சம் கேட்டேன், வங்கியில் சொத்துப் பத்திரம் கேட்கிறார்கள். என் பெயரில் எதுவும் இல்லை. இதற்கிடையே, அப்பாவின் நிலத்தில் என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்படி அண்ணன்கள் கேட்கிறார்கள்.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: குறு, சிறு தொழில்களுக்கு, நீங்கள் கேட்ட 8 லட்சம் போன்ற தொகைக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. சிறுதொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டமான முத்ரா கடனும் அப்படியே. உங்கள் தொகை அதில் 5 லட்சத்துக்கு மேற்பட்ட தருண் பிரிவில் வரும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லி மேலாளரிடம் விண்ணப்பியுங்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. தமிழ்நாட்டில் 1989இலேயே இந்துக் குடும்பங்களில் அதுவரை திருமணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை சட்டமானது. 2005இல் நாடு முழுதும் திருமணமான மகள்களுக்கும் அது வந்தது. 2005இல் தந்தை உயிரோடு இல்லாவிட்டாலும் மகளின் உரிமை போகாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதிப்படுத்தியது. ஆனாலும் பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஒரு சேலையும் சிறு தொகையும் வாங்கிக்கொண்டு கையெழுத்திடுகிற தங்கைகள் இன்றும் வருகிறார்கள். பத்தாண்டு கழித்துத் தொழிலை விரிவாக்க அவர்கள் வங்கிக்குப் போகும்போது, கையில் காட்ட ஒரு சென்ட் நிலம் இருப்பதில்லை. அண்ணன்களோடு உறவு முறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. படித்துப் பார்க்க ஒரு வாரம் வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். பத்திரத்தின் நகலோடு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், அங்கே வழக்கறிஞரின் ஆலோசனை இலவசம்.