மூளை நரம்புகள் எல்லாம் ஒரே தாளத்தில் இயங்கினால் பிள்ளைக்குப் படிப்பு நன்றாக ஏறுமா?

இந்தக் கேள்வியைக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. "மூளையை ஒத்திசைய வைக்கிறோம்" என்று ஏதோ ஒரு வகுப்பில் உங்களிடம் பணம் கேட்டிருப்பார்கள், பிள்ளைக்கு எஸ்.பி.எம்., அதாவது ஐந்தாம் படிவத் தேர்வு, நெருங்கியிருக்கும். பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். மூளை முழுக்க ஒரே தாளத்தில் இயங்கும்போது என்ன நடக்கிறது என்பதை நான் என் தம்பியின் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் மலேசியாவில், சிலாங்கூரிலுள்ள பத்தாங் பெர்ஜுந்தை தோட்டத்துக்காரர்கள். இப்போது அந்த ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். அப்பா செம்பனைக் குலை வெட்டினார். தம்பிக்கு 7 வயதிருக்கும். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான், கை நின்றுவிடும், கண் ஒரே இடத்தில் குத்தி நிற்கும். பத்து எண்ணுவதற்குள் மறுபடி பிசைவான். என்னடா என்றால் அவனுக்கு ஒன்றும் தெரியாது. பள்ளியில் கனவு காண்கிறான் என்று பெஞ்சில் ஏற்றி நிறுத்தினார்கள். பாட்டி முனியாண்டி கோயிலில் கயிறு கட்டினார். நானும் ஒரு நாள் ஓங்கிக் குட்டினேன். அதை நினைத்தால் இன்றும் வலிக்கிறது.

ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அப்பா அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், நானும் போனேன். மூளையின் மின்துடிப்பைப் பதிவு செய்யத் தலை முழுக்கக் கம்பி ஒட்டி, மூச்சை வேகமாக இழுத்து விடச் சொன்னார்கள். காகிதத்தில் அதுவரை கோணல்மாணலாக, ஒவ்வொன்றும் தன் போக்கில் ஓடிய கோடுகள் திடீரென்று ஒன்றாக எழும்பி ஒன்றாக விழுந்தன. வினாடிக்கு 3 தடவை, அச்சில் வார்த்த மாதிரி. தம்பியின் மூச்சு வேகம் தளர்ந்தது, கண் குத்தி நின்றது.

"இவ்வளவு ஒழுங்கா இருக்கே டாக்டர், நல்லதுதானே?" என்று அப்பா கேட்டார்.

"அந்த ஒழுங்குதாங்க வியாதி," என்றார் அவர். கீழே விழாமல், சில வினாடி சுயநினைவு மட்டும் தப்பிப்போகும் ஒரு வகை வலிப்பு அது.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் பல்கலைக்கழகத்தில் கணிதம் எடுத்தேன். நரம்பணு, அதாவது ஒரு தனி நரம்புச் செல், கூட்டல் கணக்குக்கு அடங்காது. தூண்டுதல் ஓர் அளவைத் தாண்டாதவரை பேசாமல் கிடக்கும், தாண்டிவிட்டால் முழு வீச்சில் துடிக்கும். இரட்டிப்பாகத் தூண்டினால் துடிப்பு இரட்டிப்பு உயரம் எழாது. கணவாயின், அதாவது நம்ம ஊர் சோத்தோங்கின், தடித்த நரம்பை வைத்து ஆங்கில அறிவியலாளர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-ல் இதைச் சமன்பாடாக எழுதினார்கள். 1963-ல் நோபல் பரிசு கிடைத்தது. இப்படிப்பட்டவை ஆயிரக்கணக்கில் ஒன்றையொன்று தூண்டினால் என்ன ஆகும்? தாமாகவே துடிக்கும் பொருள்களைப் பற்றி ஜப்பானிய இயற்பியலாளர் குராமோத்தோ 1975-ல் ஒரு கணக்குக் காட்டினார். ஒன்றையொன்று இழுக்கும் பிணைப்பு பலவீனமாக இருக்கும்வரை ஆளுக்கொரு தாளம். ஓர் எல்லையைத் தாண்டியதும் ஒரு கூட்டம் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். தலைவன் என்று யாரும் தேவையில்லை.

இதை நேரில் பார்க்க வேண்டுமானால் கம்போங் குவாந்தானுக்குப் போங்கள். சிலாங்கூர் ஆற்றங்கரை மரங்களில் மின்மினிகள் அக்கம்பக்கத்து ஒளியைப் பார்த்துப் பார்த்தே ஒன்றாக மினுக்கும். வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் வந்து படகில் பார்க்கிறார்கள். அதே ஆறு எங்கள் ஊரைத் தொட்டு ஓடுகிறது, ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளை ஒரு தடவைகூட யாரும் கூட்டிப்போகவில்லை. நான் 23 வயதில் என் சொந்தக் காசில் போய்ப் பார்த்தேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் அந்த ஆதங்கம் எனக்கு ஆறவில்லை.

ஒத்திசைவே கெட்டது என்று நான் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மூச்சு விடுவதற்கே ஒரு நரம்புக் கூட்டம் சேர்ந்து துடித்தாக வேண்டும். ஆழ்ந்த தூக்கத்திலும் மூளையில் பெரிய மெதுவான அலைகள் எழும், ஆனால் அப்போது நமக்குச் சுயநினைவு இருப்பதில்லை, கவனியுங்கள். விழித்திருக்கும் மூளை எங்கள் கோயில் திருவிழாவில் அடிக்கும் உறுமி மேளம் மாதிரி. உறுமி ஒரு பக்கம் இழையும், பம்பை வேறு சொற்கட்டு அடிக்கும், ஆனால் ஒருவர் காது இன்னொருவர் அடியின்மேல் இருக்கும். எல்லாரும் ஒரே அடியை ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தால் அதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது? தம்பியின் மூளைமேற்பரப்பும் உள்ளே நடுவில் இருக்கும் தலாமஸ் என்ற பகுதியும் அந்தப் பத்து வினாடியும் அப்படித்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஆடின. உவமை முழுக்கப் பொருந்தாது என்று எனக்கும் தெரியும். நான் டாக்டரும் இல்லை.

தம்பிக்கு வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து கொடுத்தார்கள். வளர வளர நின்றுவிட்டது. எல்லாருக்கும் அப்படி நிற்கும் என்று சொல்ல மாட்டேன். மருந்தை நிறுத்துவதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வகுப்பில் சேர்ப்பதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். உங்கள் பிள்ளை பேச்சின் நடுவிலோ எழுதும்போதோ சில வினாடி அப்படியே நின்றுபோகிறதா என்று ஒரு வாரம் கவனியுங்கள். நின்றால் திட்டாதீர்கள். கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.