டெலாக்ருவாவின் குதிரைகளுக்கு ஏன் கால்கள் முடிவதில்லை?

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் யூஜீன் டெலாக்ருவா 1832இல் மொராக்கோவில் பேனாவால் வரைந்த குதிரைச் சித்திரங்கள் சிலவற்றை நூலகத்தில் ஒரு புத்தகத்தில் பார்த்தேன். தலையும் கழுத்தும் கவனமாக வரையப்பட்டிருக்க, கால்கள் இரண்டு கீறல்களோடு நின்றுவிடுகின்றன. பின்னணி நிலமோ ஒற்றைக் கோடுதான். மையும் கறுப்பாக இல்லாமல் பழுப்பாகத் தெரிகிறது. முடிக்கப்படாத இவற்றை ஓவியமாக எப்படி ரசிப்பது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: முடிக்கப்பட்ட ஓவியமாக இவற்றை ரசிக்க வேண்டியதில்லை. மொராக்கோ சுல்தானிடம் பிரான்ஸ் அனுப்பிய தூதுக்குழுவோடு சென்ற டெலாக்ருவா, டாஞ்சியரிலிருந்து மெக்னெஸ் வரை பத்து நாள் நீண்ட பயணத்தின் இடையிடையே, பின்னாளில் தமக்குப் பயன்படட்டும் என்று குறிப்பேடுகளில் வரைந்துகொண்டவை இவை. 1823லேயே, தினமும் காலையில் லாயத்துக்குப் போய்க் குதிரை வரைய வேண்டும், அதற்காக இரவில் சீக்கிரம் படுக்க வேண்டும் என்று நாட்குறிப்பில் எழுதிக்கொண்டவர் அவர். குதிரையின் உடலமைப்பை முன்பே பழகியிருந்த கைக்கு அன்றைய தேவை, அந்தக் குதிரை அந்த நொடியில் எப்படி நின்றது என்பது மட்டுமே. கால்கள் பாதியில் நிற்பதற்கு அதுவே காரணம். டாஞ்சியரில் அவர் கண்ட குதிரைச் சண்டையின் நினைவு, 28 ஆண்டுகள் கழித்து, லாயத்தில் அரபுக் குதிரைகள் மோதும் 1860ஆம் ஆண்டு எண்ணெய் ஓவியத்தில் வெளிப்பட்டது.

ஆகவே, என்ன வரைந்திருக்கிறார் என்பதைவிட, பேனா எங்கே அழுந்தியிருக்கிறது, எங்கே தாளைத் தொட்டும் தொடாமலும் போயிருக்கிறது என்று பாருங்கள். வாத்து இறகைச் சீவிச் செய்த பேனாவின் முனை அழுத்தினால் விரியும், கோடு தடிக்கும். கையைத் தளர்த்தினால் மயிரிழையாகும். மார்பின் அடியிலும் தொடையின் பின்புறத்திலும் கோடு தடித்திருந்தால், அங்கே நிழலையும் எடையையும் ஒருசேரக் காட்டிவிட்டார் என்று பொருள். பேனாக் கோட்டை எளிதில் அழிக்க முடியாது என்பதால், கழுத்துக்கு இரண்டு கோடுகள் இருந்தால் முதலாவது பிடிக்காமல் இரண்டாவதைப் போட்டிருக்கிறார் என்று கொள்ளலாம். அந்தத் தயக்கத்தைக் காண்பதே, என்னைப் பொறுத்தவரை, இத்தகைய சித்திரங்களின் தனிச்சுவை. மை படாத வெற்றுத் தாளும் வீணான இடமன்று. அங்கே அதுதான் வெயில்.

அந்த ஒற்றைக் கோட்டை நீங்கள் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். சமவெளியில் தொடுவானம் எப்போதும் பார்ப்பவரின் கண் மட்டத்திலேயே அமையும். கோடு குதிரைகளின் முதுகை ஒட்டிச் சென்றால் ஓவியர் தரையில் நின்று பார்த்திருக்கிறார். சவாரி செய்பவர்களின் தலையை ஒட்டிச் சென்றால் அவரும் குதிரைமேல் அமர்ந்திருக்கிறார். (மலைச்சரிவுக் கோட்டுக்கு இது பொருந்தாது.) ஒரு கோடு நிலத்தை மட்டுமல்ல, ஓவியர் இருந்த இடத்தையும் சொல்லிவிடுகிறது.

பாயும் குதிரை நான்கு கால்களையும் முன்னும் பின்னும் நீட்டிப் பறப்பதுபோல் அந்தக் காலத்துப் படங்களில் கண்டால் பிழை பிடிக்காதீர்கள். நான்கு குளம்புகளும் தரையை விட்டு எழும் கணத்தில் கால்கள் வயிற்றுக்கு அடியில் மடங்கியிருக்கும் என்பதை 1878இல் கலிபோர்னியாவில் புகைப்படக் கலைஞர் மைப்ரிட்ஜ் எடுத்த தொடர் புகைப்படங்கள்தாம் காட்டின. வெறுங்கண்ணுக்கு அது சிக்குவதில்லை.

பழுப்பு நிறத்துக்கு வருவோம். அந்நாளில் ஐரோப்பாவில் பரவலாக இருந்த எழுதுமை, நம் வீடுகளில் குழந்தைக்கு உரசிக் கொடுக்கும் அதே மாசிக்காயின் சாற்றோடு அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் பிசினும் சேர்ந்தது. எழுதியவுடன் கறுத்து, ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுப்பாகிவிடும். சில வேளை தாளையே அரித்தும்விடும். தொடக்கத்திலேயே பழுப்பாக இருக்கும் கணவாய் மீனின் மையும் விறகுப் புகைக்கரியிலிருந்து எடுக்கும் மையும் அன்று வழக்கில் இருந்தமையால், அச்சுப் படத்தை மட்டும் வைத்து இன்ன மை என்று சொல்வது சரியாகாது.

மொராக்கோக் குறிப்பேடுகள் சில பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்திலும், ஒன்று ஷாந்தியி நகரத்துக் கோந்தே அருங்காட்சியகத்திலும் உள்ளன. ஒளி பட்டால் கெடும் என்பதால் இத்தகைய தாள்களை மங்கிய வெளிச்சத்தில், குறுகிய காலத்துக்கே காட்சிக்கு வைப்பார்கள். எனவே, நல்ல அச்சில் வந்த நகலை மேசைமேல் வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒரே ஒரு குதிரையின் கழுத்தை மட்டும் காதிலிருந்து தோள்வரை பின்தொடர்ந்து பாருங்கள்.